காப்புக்காரன் நின்ற இடம்

கண்டி
4.3.1979

அன்புத் தங்கச்சி பேச்சியம்மாளுக்கு,

அண்ணன் வீரையா எழுதுவது. இங்கே நானும் உன் மதினி நல்லம்மாவும் மகளும் சுகமாக இருக்கிறோம். நல்லம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. கூடலூர்க் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது? மச்சான் கறுப்பையாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டதா? நீங்கள் இருவரும் தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்த வருடத்தோடு ஏழு வருடமாகிறது. நான் இன்னும் அதே தியேட்டரில் படம் ஓட்டுகிற அதே மெசினோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

போன மாதத்திலிருந்து எங்கள் தியேட்டரில் ‘ஏழாம் காப்பு’ என்று ஓர் இந்தியப் படம் ஓடுகிறது. போஸ்டரில் அம்மன் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு முதல் நாள் மாட்டினிக் காட்சிக்குப் பெண்கள் தேங்காயும் கற்பூரமுமாக வந்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். எங்கள் மேனேஜர் சுந்தரலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வாசலில் நின்று, “உது சாமிப் படமில்லையம்மா, பேய்ப் படம். போஸ்டர் அடிச்சவனைத்தான் பிடிக்கவேணும்” என்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

கதை இதுதான். மழை பெய்யாத ஒரு கிராமம். இருபது வருடமாக நின்றுபோன திருவிழாவை மறுபடி எடுக்கிறார்கள். ஒருவனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கையில் மஞ்சள் கயிறு கட்டியவன் ஏழு நாள் முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அம்மன் அவன் இரத்தத்தில் ஓர் உயிரை எடுத்துக்கொள்வாள். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லையில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மண்குதிரை. தினம் ஒன்று காணாமல் போகிறது. முதலில் ஆடு, பிறகு மாடு, பிறகு ஊருக்கு வந்த வளையல்காரன். யார் செய்வது என்று காட்டவே மாட்டார்கள். ஏழாம் நாள் காப்புக்காரனுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிடுகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லைக்கல்வரை ஓடி வருகிறான். கல்லுக்கு முன்னால் நிற்கிறான். அத்தோடு ‘வணக்கம்’ போட்டுவிடுகிறார்கள்.

தாண்டினானா இல்லையா என்று தியேட்டர் வாசலில் தினமும் சண்டை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர்மார்கூட இதைத்தான் பேசுகிறார்களாம்.

அந்தப் படம் உங்கள் பக்கம் வந்தால் நீ போகவேண்டாம். உன் நெஞ்சுக்கு ஆகாது.

மச்சானுக்கு என் அன்பைச் சொல்லவும்.

அண்ணன்
வீரையா

*

கூடலூர்
2.4.1979

அண்ணனுக்கு,

தங்கை பேச்சியம்மா எழுதிக்கொண்டது. நானும் இவரும் சுகம். சளி குறைந்திருக்கிறது. இவருக்கு வேலை நிரந்தரமாகவில்லை, ஆகும் என்று மட்டும் வருடாவருடம் சொல்கிறார்கள். மதினியின் முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டச் சொல்லுங்கள். மகள் படிக்கிறாளா?

ஏழு வருடமாக எனக்குக் கடிதம் போடுகிறீர்கள். எத்தனையோ படம் ஓட்டியிருப்பீர்கள், ஒன்றின் பெயரைக்கூட எழுதியதில்லை. பார்க்காதே என்று சொல்வதற்காக முழுக் கதையையும் எழுதுகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

அவன் தாண்டியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெற்றவன் நிற்பானா? பெறாதவர்களே நிற்கவில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குமேல் எழுதவில்லை. இவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, கடிதங்களை நான்தான் படித்துக்காட்டுவேன். சில வரிகளை விட்டுவிட்டுப் படிக்கப் பழகியிருக்கிறேன். ஆனாலும் பயமாக இருக்கும்.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
பேச்சியம்மா

*

கண்டி
29.4.1979

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வருடப்பிறப்புக்கு மறுநாள் கிடைத்தது. எல்லோரும் சுகம். நொச்சி இலையில் நல்லம்மாவுக்கு நல்ல குணம். மகள் ஆறாம் வகுப்பில் நன்றாகத்தான் படிக்கிறாள், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அந்தப் படம் எங்களை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கும் இராஜகுமாரி என்றொரு பிள்ளை நான்கு முறை வந்து பார்த்துவிட்டாள். மூன்றாம் முறை படியேறி மெசின் அறைக்கே வந்துவிட்டாள். “அந்தக் குதிரையக் கவனிச்சீங்களா ஐயா? மொத நாள் ஊருக்கு வெளிய பாக்குது. ஒவ்வொரு நாளும் கொஞ்சங் கொஞ்சமா உள்பக்கம் திரும்புது. கெட்டது உள்ள வராம அது காவல் காக்கல. ஆளுங்க வெளிய போகாமத்தான் காவல் காக்குது” என்றாள். தினமும் மூன்று தடவை ஓட்டுகிறவன் நான், எனக்கு அது தெரியவில்லை. மறுநாள் கண்ணை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது மெய்தான்.

சுந்தரலிங்கத்திடம் சொன்னேன். “ஷூட்டிங்கில குதிரையை மாறி வச்சுப்போட்டாங்கள். அதுக்கும் ஒரு விளக்கமே?” என்று சிரித்தார். இராஜகுமாரி விடவில்லை. மஞ்சள் கயிற்றுக்கு ஓர் அர்த்தம், வளையல்காரனுடைய உடைந்த வளையலுக்கு ஓர் அர்த்தம் என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள். எல்லாவற்றையும்விட அவளுக்கு முடிவுதான் பிடித்திருக்கிறது. “அந்த எடத்துல நிறுத்துற துணிச்சல் யாருக்கும் வராது. தாண்டுறதா வேணாமான்னு நம்ம கையில குடுத்துட்டுப் போயிட்டாரு டைரக்டர்” என்றாள். விளக்கில் கார்பன் குச்சி தேய்ந்துவிட்டது என்று மெசின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் தாண்டியிருப்பான் என்று நீ எழுதியிருந்தாய். இருக்கலாம். நான் படம் ஓட்டுகிறவன், அதோடு என் வேலை முடிந்துவிடுகிறது.

மழைக்காலம் வருகிறது. தலையில் ஈரத்தோடு இருக்காதே.

அண்ணன்
வீரையா

*

கூடலூர்
10.6.1979

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அங்கும் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும்.

நீங்கள் வேண்டாம் என்ற படத்தைப் பார்த்துவிட்டேன். பஜாருக்குப் பக்கத்து டூரிங் டாக்கீஸில் போட்டான். காலனிப் பெண்கள் எல்லோரும் போனோம். இங்கேயும் சாமிப் படம் என்றுதான் போனார்கள்.

அவன் நிற்பதோடு படம் முடியவில்லை அண்ணன். நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கல்லுக்கு முன்னால் நிற்கிறான். பிறகு கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறான், பிள்ளையை மடியில் போட்டுக்கொள்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி வந்து நிற்கிறது, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வெயில் சாய்கிறது. ஊர்ச் சனம் மேளத்தோடு வருகிறார்கள். அவன் கையைத் தூக்கிப் பார்க்கிறார்கள். கயிறு அப்படியே இருக்கிறது. அவனுக்கு மாலை போடுகிறார்கள். பிள்ளையின் முகத்தைக் காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, பிள்ளை தூங்குகிறது என்று வீடுவரை சொல்லிக்கொண்டு வந்தாள். பெற்றவளுக்குத் தெரியும், அது தூக்கமில்லை.

குதிரையைப் பற்றி அந்தப் பெண் சொன்னது சரிதான், ஆனால் அது உள்பக்கத்தோடு நிற்கவில்லை. கடைசியில் முழுக்கத் திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சாமிக்கே பார்க்கப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இவர் வேலைக்குப் போயிருக்கிறார், அதனால் எழுதுகிறேன். என் மகள் வேலாயி போய்ப் பதினோரு வருடம். கலஹா ரோட்டுத் தோட்டத்தில் அந்தப் பங்குனியில் எனக்கும் அவளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல். இவர் தலவாக்கலைப் பக்கம் வேலைக்குப் போயிருந்தார். மற்றவர்கள் எல்லாம் மேல்மலையில் கொழுந்தெடுக்கப் போய்விட்டார்கள். காப்புக் கட்டியிருந்த நீங்கள் மட்டும்தான் கீழே இருந்தீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சினேன், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று. நீங்கள் எனக்காக எல்லையைத் தாண்டினீர்கள். பேராதனைப் பாலத்தில் பஸ்ஸிலேயே மூச்சு நின்றுவிட்டது என்று என் காதில் சொன்னீர்கள். தோட்டத்துக்குத் தெரிந்தால் உங்களைச் சும்மா விடமாட்டார்கள் என்று, எல்லைக்குள்ளேயே உயிர் போய்விட்டதாக ஊருக்குச் சொன்னீர்கள். நானும் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. இவருக்குக்கூடத் தெரியாது.

உங்களைத் தாண்டவைத்தது நான். என் வாயால் கெஞ்சி என் பிள்ளையை நானே கொடுத்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருடமும் இருந்தேன். இந்தப் படத்தில் தாண்டாதவனுடைய பிள்ளையும் போகிறதே அண்ணன். அப்படியானால் நான் கெஞ்சியது காரணமில்லையோ? இதை நான் வேறு யாரிடம் கேட்பேன்? உங்களிடம் கேட்கிறேன்.

தங்கை
பேச்சியம்மா

*

கண்டி
1.7.1979

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம். கடிதம் கிடைத்தது. இங்கே மூன்று நாளாக விடாத மழை, மகாவலியில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது. மகளுக்குச் சளி பிடித்து, மருந்து எடுத்து, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

படம் இங்கே அப்படி முடிவது கொழும்பில் தணிக்கை செய்ததால் இருக்கலாம். அவர்கள் கை வைக்காத படம் உண்டா? படப்பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது ஒரு குடும்பப் படம் ஓடுகிறது, சனம் நிம்மதியாக அழுதுவிட்டுப் போகிறது.

மற்றபடி நீ கேட்டதற்கு, ஒரு சினிமாவை வைத்து வாழ்க்கையில் நடந்ததற்குக் கணக்குப் பார்க்கக்கூடாது. பழையதை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

அண்ணன்
வீரையா

*

கூடலூர்
5.8.1979

அண்ணனுக்கு,

சுகத்துக்குக் குறைவில்லை. மகளின் சளி போய்விட்டதா?

நீங்கள் எழுதியது பதில் இல்லை. தணிக்கைக்காரர்கள் வெட்டினால் முத்தத்தை வெட்டுவார்கள், கத்திக்குத்தை வெட்டுவார்கள். ஓர் ஆள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதை எதற்கு வெட்டவேண்டும்? நான் அஞ்சாம் வகுப்புப் படித்தவள்தான், ஆனாலும் இது எனக்கு விளங்கும்.

பழையதை நினைக்காதே என்கிறீர்கள். பதினோரு வருடமாக நான் எந்த அம்மன் கோயிலுக்குள்ளும் போகவில்லை. வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். காலனியில் காப்புக் கட்டினால் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் திருவிழா முடிகிறவரை கதவைச் சாத்திக்கொள்வேன். இவர், எனக்குக் கூட்டம் ஆகாது என்று ஊருக்குச் சொல்லிவைத்திருக்கிறார். இங்கே வந்தபின் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனது. டாக்டரம்மாவிடம் போகலாம் என்று இவர் கூப்பிட்டார். என் குற்றத்துக்கு டாக்டரம்மா என்ன செய்வாள் என்று நான் போகவில்லை. மூன்றாவது ஒன்று வரவே இல்லை. இதையெல்லாம் நான் யாருக்கும் எழுதியதில்லை. உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள்தான் என் கூட இருந்தவர்.

அந்த இடத்தை வெட்டியது யார்?

தங்கை
பேச்சியம்மா

*

கண்டி
18.11.1979

அன்புத் தங்கச்சிக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் சுகம்தான். எழுதி எழுதிக் கிழித்தேன் என்பதுதான் உண்மை. நீங்கள் இருவரும் சுகமாக இருக்கவேண்டும்.

வெட்டியது நான்.

முதல் நாள் எல்லாக் காட்சியும் முழுதாகத்தான் ஓட்டினேன். அவன் உட்காருகிற இடம் வந்தபோது என்னால் மெசின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. அந்த மாட்டுவண்டி வந்து நின்றபோது அறையை விட்டு வெளியே போய் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மெசினைத் தனியே விட்டுவிட்டு ஓர் ஆபரேட்டர் அப்படிப் போகக்கூடாது. மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய், கடைசி ரீலை எடுத்து, அவன் நிற்கிற இடத்தில் வெட்டினேன். நூற்றெண்பது அடி, இரண்டு நிமிடம். ‘வணக்கம்’ வருகிற துண்டைக் கொண்டுவந்து அங்கே ஒட்டிவிட்டேன். சுந்தரலிங்கத்திடம் பிலிம் கிழிந்துவிட்டது என்று சொன்னேன். “கிழிஞ்சதும் நல்லதாப் போச்சு. நேற்று அழுதுகொண்டு போன சனம் இண்டைக்குச் சண்டை பிடிச்சுக்கொண்டு திரும்ப வருகுது” என்றார்.

அந்த இராஜகுமாரி பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலரில் ஆறு பக்கம் எழுதியிருக்கிறாள். நிற்பதோடு நிறுத்தியதுதான் இந்தப் படத்தின் பெருமை என்கிறாள். மலரை மெசின் அறைக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். டைரக்டருக்கும் பாராட்டி எழுதப்போகிறாளாம், எழுதினால் அந்த மனுசன் திருதிருவென்று முழிக்கப்போகிறார். படித்த பிள்ளை, என் கத்தரிக்கோலை நம்பி அத்தனை யோசித்திருக்கிறாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். தேத்தண்ணீர் குடிக்கிறீங்களா என்றுதான் கேட்டேன். பெட்டி இப்போது பதுளையில் இருக்கும். அங்கேயும் அவன் நின்றுகொண்டுதான் இருப்பான்.

இது என் தொழிலுக்குச் செய்த துரோகம். உன்னிடமாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அண்ணன்
வீரையா

*

கூடலூர்
9.12.1979

அண்ணனுக்கு,

சுகம். சுகமா?

பிலிமை வெட்டியதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அதைத் தியேட்டர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லையைத் தாண்டிப் போனவருக்கு, தாண்டாத ஒருத்தனைப் பார்த்தால் கோபம் வரும். சீ என்று துப்பத் தோன்றும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தோன்றாது.

நீங்கள் தாண்டினீர்களா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பேச்சியம்மா

*

கண்டி
6.1.1980

தங்கச்சிக்கு,

இல்லை.

நீ ஒரு வார்த்தை போதும் என்றாய். ஆனால் மிச்சத்தையும் எழுதாவிட்டால் அதுவும் ஒரு வெட்டுத்தான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கலஹா ரோட்டுவரை ஓடினேன். தோட்டத்துப் பாதை ரோட்டில் சேருகிற இடத்தில் எல்லைக்கல். எதிர்ப்பக்கம் பஸ் நிற்கும். உன்னிடம் சரி என்று சொல்லும்போதே என் மனதில் இருந்தது வேறு. காப்புக் கட்டாத யாராவது வருவார்கள், பிள்ளையைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தேன். யாரும் வரவில்லை. கண்டி பஸ் வந்து நின்றது. “நகினவாத?” என்று கொண்டக்டர் கேட்டான், ஏறுகிறாயா என்கிறான். பத்தடி தூரம் இருக்கும். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து அடுத்த பஸ் வந்தது. அதற்கும் தலையை ஆட்டினேன்.

நல்லம்மாவுக்கு அப்போது ஏழு மாதம். தாண்டினால் அந்த வயிற்றுப் பிள்ளை போய்விடும் என்று பயந்தேன். கொண்டக்டர் கையிலாவது கொடுத்திருக்கலாம். முன்பின் தெரியாதவனை நம்பிக் காய்ச்சல் பிள்ளையை எப்படிக் கொடுப்பது என்று அப்போது ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பஸ் ஏறியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. ஏறவில்லை என்பது மட்டும் தெரியும். இரண்டாவது பஸ் போய்க் கொஞ்ச நேரத்தில் என் தோளிலேயே போய்விட்டாள்.

ஊருக்கு நான் சொன்னதுதான் நிஜம், உனக்குச் சொன்னதுதான் பொய். தோட்டத்து ஆட்கள் என் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “கட்டுன காப்புக்கு மரியாத குடுத்துட்டான்” என்று தோளைத் தட்டினார்கள். நீ பாயில் கிடந்தபடி, “கொண்டு போனீங்களா அண்ணே?” என்று கேட்டாய். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் கண்ணில் நான் நல்லவனாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தப் பொய் உன் தலையில் குற்றமாக ஏறி உட்காரும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. போன ஜூனில் உன் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. தெரிந்த பிறகும் மழையைப் பற்றி எழுதினேன் பார், அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அந்த வருடம் பிறந்த என் மகளை நான் தலையில் தடவும்போதெல்லாம் வேலாயி ஞாபகம் வரும். உன் கெஞ்சலால் ஒன்றும் நடக்கவில்லை. நீ ஒரு குற்றமும் செய்யவில்லை. இதை மச்சானுக்கும் படித்துக்காட்டு.

வீரையா

*

கூடலூர்
20.5.1980

அண்ணனுக்கு,

மதினியும் மகளும் சுகமாக இருக்கவேண்டும். அவர்கள் பேரில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உங்கள் கடிதத்தை ஜனவரியிலேயே இவருக்குப் படித்துக்காட்டினேன். ஒரு வரியும் விடவில்லை. கேட்டு முடித்து எழுந்துபோய் விறகு பிளந்தார். வீட்டில் விறகு நிறைய இருந்தது. பிறகு வந்து, “அவனுக்கு எழுதாத” என்றார். அதனால் எழுதவில்லை. இன்று காலையில் அவராகவே, “எழுதணும்னா எழுது புள்ள” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

சித்திரைத் திருவிழாவில் கோயிலுக்குள் போனேன். அம்மன் முகத்தைப் பக்கத்தில் பார்த்துப் பன்னிரண்டு வருடம். “நீ ஒண்ணும் பண்ணலியா தாயீ” என்று கேட்டேன். உள்ளே போனால் மனம் லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. இத்தனை நாள் அவளைக் கண்டு பயந்தது வீண் என்று தெரிந்தபோது, அழுகையைவிடக் களைப்புத்தான் வந்தது. டாக்டரம்மாவிடம் போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். எனக்கு இப்போது நாற்பது வயது.

அன்றைக்கே நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். ஒரு வருடம் முகத்தில் முழிக்காமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு பேசியிருப்பேன், எனக்கு இருப்பது நீங்கள் ஒருத்தர்தானே. இத்தனை வருடம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேனே, அதை இனி யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது?

மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. மன்னிக்கமாட்டேன் என்று எழுதவும் ஓடவில்லை. அதை என்னிடம் கேட்காதீர்கள்.

எனக்கு ஒன்று மட்டும் வேண்டும். நீங்கள் பாலம் என்று சொன்னதால், பிள்ளை பஸ்ஸில் நினைவில்லாமல் போய்ச் சேர்ந்தது என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், இரண்டு பஸ் வந்து போகிற நேரம் அவள் உங்கள் தோளில் உயிரோடு இருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஏதாவது பேசினாளா? பெற்றவளுக்குத் தெரியாத பேச்சு அது ஒன்றுதான். வெட்டாமல் எழுதுங்கள்.

பேச்சியம்மா

*

கண்டி
8.6.1980

தங்கச்சிக்கு,

உங்கள் இருவருடைய சுகத்தையும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பேசினாள். முதல் பஸ் போன பிறகு தண்ணீர் கேட்டாள். பாதையோரத்து வாய்க்காலில் ஊற்றுத்தண்ணீர் ஓடியது. கையில் அள்ளிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தாள். அம்மா வருமா என்று கேட்டாள். வரும் என்று சொன்னேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள், தூங்குகிறாள் என்று நினைத்தேன். உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது பஸ் வந்து நின்ற சத்தத்தில் கண்ணைத் திறந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள். கொண்டக்டர் மணியடித்தான், பஸ் போய்விட்டது. அது வளைவில் திரும்புகிறவரை என் தோளில் தலையைச் சாய்த்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏன் மாமா நம்ம ஏறல?” என்று கேட்டாள்.

“மாமாவுக்குக் கால் வலிக்குது கண்ணு” என்றேன்.

“அப்ப என்னைய எறக்கி விடுங்க மாமா” என்றாள். “நான் நடக்கிறேன்.”

நான் இறக்கிவிடவில்லை.

வீரையா